ஸ்பேம் மெயில் எங்கிருந்து வந்தது, யாரிடம் சொல்வது?

2008 நவம்பர் 11 அன்று உலகம் முழுக்க ஸ்பேம் மெயில் திடீரென்று வற்றிப்போனது. அளந்து பார்த்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது என்றார்கள். அன்று யாரையும் போலீஸ் பிடிக்கவில்லை. எந்த நாடும் புதுச் சட்டம் போடவில்லை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் மெக்கோலோ என்றொரு நிறுவனம் சர்வர்களை வாடகைக்கு விட்டுவந்தது. அதற்கு இணைய இணைப்பு கொடுத்திருந்த ஹரிக்கேன் எலெக்ட்ரிக், குளோபல் கிராசிங் என்ற இரண்டு நிறுவனங்களும் இணைப்பைத் துண்டித்தன. நடந்தது அவ்வளவுதான். பல நாடுகளில் லட்சக்கணக்கான வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்து, உரிமையாளருக்கே தெரியாமல் மெயில் அனுப்பிக்கொண்டிருந்த திருட்டு நிரல்களுக்கு உத்தரவு போன சர்வர்கள் மெக்கோலோவில் இருந்தன. உத்தரவு நின்றதும் அந்தக் கணினிகள் ஊமையாகிவிட்டன.

துண்டிக்க வைத்தது எது? பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் தடம் பிடித்துச் சேர்த்த ஆதாரங்களை, வாஷிங்டன் போஸ்டில் எழுதிவந்த பிரையன் கிரெப்ஸ் அந்த இரண்டு நிறுவனங்களிடம் கொண்டுபோய்க் காட்டிக் கேள்வி கேட்டார். சில மாதங்களில் ஸ்பேம்காரர்கள் வேறு இடம் பிடித்துக்கொண்டு பழைய அளவுக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சம்பவத்தில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அனுப்பிய ஆள் யார் என்று கண்டுபிடிப்பது நம்மால் ஆகிற காரியமில்லை, அது தேவையுமில்லை. மெயில் எந்த நெட்வொர்க் வழியாக வந்தது, அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவரிடம் சரியான ஆதாரத்தோடு சொன்னால் போதும். இதைக் கணினித் துறையில் வேலை பார்க்காதவரும் செய்யலாம்.

முதலில் ஒரு நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். மெயிலின் மேலே ‘அனுப்புநர்’ என்று தெரிகிற பெயரும் முகவரியும் எதற்கும் சாட்சியாகாது. மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகும் முறையை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிவைத்தார். அப்போது இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். அனுப்புபவர் சொல்லும் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்த முறையில் இடமே வைக்கவில்லை. தபாலில் வரும் கவரை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் அனுப்புநர் முகவரி என்று யாருடைய பெயரையும் எழுதலாம். தபால் நிலையம் குத்திய முத்திரைதான் அது எங்கே போடப்பட்டது என்று சொல்லும். மெயிலிலும் அப்படியான முத்திரைகள் உண்டு. நம் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த மறைந்த பகுதிக்கு ஹெட்டர் என்று பெயர். ஜிமெயிலைக் கணினியின் பிரவுசரில் திறந்து, மெயிலின் வலப்பக்க மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் ‘ஷோ ஒரிஜினல்’ என்ற வரி வரும். அவுட்லுக்கின் இணையப் பதிப்பில் ‘வியூ மெசேஜ் சோர்ஸ்’, யாஹூவில் ‘வியூ ரா மெசேஜ்’. ஜிமெயிலின் கைபேசிச் செயலியில் இந்த வசதி இல்லை, கணினிக்குத்தான் போக வேண்டும். திறந்ததும் பக்கம் பக்கமாக எழுத்தும் எண்ணும் கொட்டிக் கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் நமக்கு வேண்டியது நான்கைந்து வரிதான்.

‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். மெயில் எத்தனை சர்வர்களைக் கடக்கிறதோ, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு ரிசீவ்ட் வரியை உச்சியில் ஒட்டிவிட்டு அடுத்த சர்வரிடம் தள்ளிவிடும். ஆகவே மேலே இருப்பது கடைசி நிறுத்தம், கீழே இருப்பது முதல் நிறுத்தம். ‘கீழிருந்து மேலாகப் படித்தால் புறப்பட்ட இடம் தெரிந்துவிடும்’ என்று பல வழிகாட்டிகள் சொல்வது இதை வைத்துத்தான். பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஸ்பேம்காரர் மெயிலை அனுப்பும்போதே இரண்டு மூன்று போலி ரிசீவ்ட் வரிகளை உள்ளே எழுதி அனுப்பலாம். அவை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடி வரியை நம்பிப் புகார் எழுதினால், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் மாட்டிக்கொள்வார்.

எனவே மேலிருந்து தொடங்கி, உங்கள் சொந்த மெயில் நிறுவனத்தின் சர்வர் வெளியாரிடமிருந்து மெயிலை வாங்கிய இடம் வரை மட்டும் இறங்குங்கள். உங்கள் பெட்டி ஜிமெயில் என்றால், ‘பை எம்எக்ஸ்.கூகுள்.காம்’ என்று வரும் ரிசீவ்ட் வரிதான் அது. அந்த வரியை எழுதியது கூகுளின் இயந்திரம். ஸ்பேம்காரர் அதில் கைவைக்க முடியாது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வந்தவர் சொன்ன கதை. உண்மையாகவும் இருக்கலாம், கட்டுக்கதையாகவும் இருக்கலாம்.

அந்த ஒரு வரிக்குள்ளும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘கேஒய்சி முடிக்காவிட்டால் இன்றிரவு உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று ஒரு வங்கியின் பெயரில் மெயில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரியில் ‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்கு அடுத்து அந்த வங்கியின் சர்வர் பெயர் இருக்கும். அடைப்புக்குறிக்குள் வேறொரு பெயரும், சதுர அடைப்புக்குள் 203.0.113.45 என்பது போன்ற ஓர் எண்ணும் இருக்கும். (இந்த எண் விளக்கப் புத்தகங்களில் பயன்படுத்துவதற்கென்றே யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவைத்த தொகுதியைச் சேர்ந்தது. தேடிப் பார்க்க வேண்டாம்.) முதலில் உள்ள பெயர், வந்த இயந்திரம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. சதுர அடைப்புக்குள் உள்ள ஐபி எண் (இணையத்தில் அந்த இயந்திரத்தின் முகவரி), கூகுளின் சர்வர் தன் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டது. நமக்கு வேண்டியது இந்த எண் மட்டும்தான். ஜிமெயிலின் ஷோ ஒரிஜினல் பக்கத்தில் உச்சியிலேயே ஒரு சிறு அட்டவணை வரும். அதில் எஸ்பிஎஃப் என்ற வரியில் பெரும்பாலும் இதே ஐபி எண் இருக்கும்.

எண் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினால் அதை விட்டுவிடுங்கள். அவை ஓர் அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ உள்ளே மட்டும் செல்லுபடியாகும் எண்கள், உலகில் எத்தனையோ இடங்களில் ஒரே எண் இருக்கும். அடுத்தடுத்த ரிசீவ்ட் வரிகளின் நேரத்தையும் ஒரு தடவை பாருங்கள். நம் நேரம் +0530 என்று இருக்கும், மற்ற ஊர் நேரங்களை அதற்குச் சமமாக மாற்றிப் பார்த்தால் ஒவ்வொரு தாவலும் சில நொடிகளில் முடிந்திருக்கும். கீழ் வரியின் நேரம் மேல் வரிக்குப் பிந்தியதாக, அதுவும் மணிக்கணக்கில் பிந்தியதாக இருந்தால் அது பெரும்பாலும் கையால் எழுதிச் சேர்த்த வரி.

அந்த அட்டவணையில் உள்ள எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்றும், 1982-இல் விட்டுப்போன சரிபார்ப்பைப் பின்னால் ஒட்டவைக்கச் செய்த முயற்சிகள். இன்ன ஐபி எண்கள் மட்டுமே என் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று ஒரு நிறுவனம் பட்டியல் போட்டு வைப்பது எஸ்பிஎஃப். அனுப்பும் மெயிலில் கணிதக் கையெழுத்து போடுவது டிகேஐஎம். கண்ணில் தெரியும் அனுப்புநர் முகவரியும் இந்தச் சோதனைகளில் தேறிய பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது டிமார்க். மூன்றும் ‘ஃபெயில்’ என்றால் அந்த வங்கியின் பெயரை யாரோ திருடியிருக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். ஆனால் மூன்றும் ‘பாஸ்’ என்றால் மெயில் நல்லது என்று அர்த்தமில்லை. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிச் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, மூன்றையும் ஒழுங்காக அமைத்து அனுப்புகிற ஸ்பேம்காரர்கள் இருக்கிறார்கள். பாஸ் என்பதற்கு ‘இந்தப் பெயரில் வந்தது இந்தப் பெயர்க்காரரிடமிருந்துதான்’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது. எந்தப் பெயருக்குப் பாஸ் கிடைத்திருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

கையில் ஐபி எண் கிடைத்ததும் அதை வரைபடத்தில் காட்டும் தளங்களில் போட்டு, ‘ஆள் இன்ன நாட்டில் இருக்கிறான்’ என்று முடிவுக்கு வருவது பலர் செய்யும் அடுத்த தவறு. அது ஏதோ ஒரு வீட்டில் வைரஸ் பிடித்த கணினியாக இருக்கலாம், யாரும் கவனிக்காத ஒரு பள்ளியின் சர்வராக இருக்கலாம். அந்த எண் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. உலகின் ஐபி எண்களை ஐந்து பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக், ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமின் ரைப், வட அமெரிக்காவுக்கு ஆரின், லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்னிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரினிக். இவற்றின் தளங்களில் ‘ஹூ இஸ்’ என்ற தேடல் பெட்டி இலவசமாகவே இருக்கிறது. எந்த ஒன்றில் எண்ணைப் போட்டாலும் சரியான பதிவகத்துக்கு வழி காட்டிவிடும். வரும் விவரத்தில் ‘அப்யூஸ்’ என்ற சொல்லோடு ஒரு மெயில் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். புகார்களுக்கு அந்தப் பெயரில் ஒரு பெட்டி வைத்திருப்பது 1997 முதல் இணைய நெட்வொர்க்குகளின் எழுதிவைத்த வழக்கம்.

சில சமயம் தேடல் வேறு மாதிரி முடியும். டிகேஐஎம் கையெழுத்து ஜிமெயிலுக்கே பாஸ் என்று இருந்தால், ஸ்பேம்காரர் உண்மையிலேயே ஒரு ஜிமெயில் கணக்கு திறந்து அனுப்பியிருக்கிறார். ஜிமெயிலின் இணையப் பக்கத்திலிருந்து அனுப்பியவரின் வீட்டு ஐபி எண்ணைக் கூகுள் ஹெட்டரில் வெளியிடுவதில்லை. அதற்கு மேல் நீங்கள் தேடுவதற்கு ஒன்றும் இல்லை, கூகுளிடம் அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் செய்வதுதான் வழி. அதேபோல் அமேசான், சென்ட்கிரிட், மெயில்சிம்ப் போன்ற மொத்த மெயில் சேவைகளின் பெயர் வந்தால் அந்தச் சேவைக்கே எழுதுங்கள். என் அனுபவத்தில் விரைவாக நடவடிக்கை எடுப்பவர்கள் இவர்கள்தான். பரோபகாரத்தால் அல்ல. ஒரு கெட்ட வாடிக்கையாளரால் அவர்களுடைய ஐபி எண்களின் பெயர் கெட்டால், மற்ற எல்லா வாடிக்கையாளரின் மெயிலும் ஸ்பேம் பெட்டிக்குள் விழும்.

புகாரை எப்படி எழுதுவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். மெயிலைச் சாதாரணமாக ஃபார்வர்ட் செய்தால் பழைய ஹெட்டர் போய் உங்கள் ஹெட்டர் வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் ஹெட்டரே இருக்காது. ‘ஃபார்வர்ட் ஆஸ் அட்டாச்மென்ட்’ என்று அனுப்ப வேண்டும், அல்லது ஷோ ஒரிஜினல் பக்கத்தில் உள்ளதை முழுவதும் நகலெடுத்து ஒட்ட வேண்டும். மேலே மூன்று வரி போதும்: இந்த ஐபி எண்ணிலிருந்து, இந்தத் தேதியில், இத்தனை மணி நிமிட நொடிக்கு, நேர மண்டலத்தோடு, இன்ன மாதிரி மோசடி மெயில் வந்தது, முழு ஹெட்டர் கீழே. நேரத்தை நொடி வரை கேட்பதற்குக் காரணம் உண்டு. இன்று பல இணைய நிறுவனங்கள் ஒரே ஐபி எண்ணை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அந்த நொடியில் அந்த எண்ணை யார் பயன்படுத்தினார் என்று அவர்களுடைய பதிவேட்டில்தான் இருக்கும். திட்டுவது, சட்ட மிரட்டல், உங்கள் கோபம் எல்லாவற்றையும் வெளியே வையுங்கள். புகாரைப் படிப்பவர் ஸ்பேம்காரர் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர். பதில் பெரும்பாலும் வராது. வந்தாலும் இயந்திரம் எழுதியதாக இருக்கும். அதனால் நடவடிக்கை இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

இவ்வளவையும் கையால் செய்யப் பொறுமை இல்லாதவருக்கு ஸ்பேம்காப் என்ற சேவை இருக்கிறது. 1998-இல் ஜூலியன் ஹைட் என்பவர் தொடங்கியது, இப்போது சிஸ்கோ நிறுவனத்தின் கையில் உள்ளது. இலவசமாகப் பதிவுசெய்து முழு ஹெட்டரோடு மெயிலை ஒட்டினால், தடம் பிடித்து, பொறுப்பான நெட்வொர்க்கைக் கண்டுபிடித்து, புகாரையும் அதுவே எழுதிவிடும். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் புகார் யாருக்குப் போகிறது என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.

ஐபி எண் ஒரு முனை. மெயிலுக்குள் இருக்கும் இணைப்பு மறுமுனை. ஸ்பேம்காரர் அனுப்பும் கணினியைத் தினமும் மாற்றிவிடுவார், பணம் வாங்கும் இடத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு ஸ்பேம் வலைப்பின்னலுக்குள் நுழைந்து கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 35 கோடி மெயில்களுக்கு நடந்த விற்பனை 28. அந்த 28 பேர் இருப்பதால்தான் மற்ற எல்லோருக்கும் மெயில் வருகிறது. 2011-இல் வந்த இன்னோர் ஆய்வு, ஸ்பேம் வழி விற்கும் மருந்து, போலிப் பொருள், திருட்டு மென்பொருள் வியாபாரத்தில் 95 விழுக்காட்டுப் பணம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே போகிறது என்று கண்டது.

ஆகவே இணைப்பைச் சொடுக்காமல், அதன்மேல் சுட்டியை வைத்தோ ஷோ ஒரிஜினலில் தேடியோ அது எந்த டொமைனுக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹூ இஸ் தேடலில் அந்த டொமைனை விற்ற பதிவாளரின் அப்யூஸ் முகவரி கிடைக்கும். வாங்கியவரின் பெயரை இப்போது பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். அதனால் நட்டமில்லை, டொமைனை முடக்குபவர் பதிவாளர்தான். 2024 ஏப்ரல் முதல், கடவுச்சொல் திருடும் டொமைன் பற்றி ஆதாரத்தோடு புகார் வந்தால் பதிவாளர் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் ஒப்பந்தம் சொல்கிறது. ‘பதில் எழுதுக’ என்று தனியாக ஓர் இலவச மெயில் முகவரி கொடுத்திருந்தால் அந்தப் பெட்டியையும் அதன் நிறுவனத்திடம் சொல்லி மூடவைக்கலாம். லாட்டரி, வாரிசுச் சொத்து வகையறா மெயில்களில் அந்தப் பெட்டிதான் அவர்களுடைய கடை.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது, அனுப்புநர் என்று தெரியும் முகவரிக்குக் கோபமாகப் பதில் எழுதுவது. அது பெரும்பாலும் எங்கோ இருக்கும் ஓர் அப்பாவியின் முகவரி. ஏற்கனவே திரும்பி வரும் மெயில்களில் அவர் மூழ்கிக்கொண்டிருப்பார். பதிலுக்குப் பதில் கொடுக்கும் ஆசையும் வேண்டாம். புளூ செக்யூரிட்டி என்ற இஸ்ரேலிய நிறுவனம், ஸ்பேமில் விளம்பரமாகும் தளங்களுக்கு லட்சக்கணக்கான உறுப்பினர் சார்பில் ‘எங்களை விட்டுவிடு’ என்ற கோரிக்கைகளைக் கொட்டியது. 2006 மே மாதத்தில் ஸ்பேம்காரர்கள் திருப்பித் தாக்கிய வேகத்தில் நிறுவனத்தையே மூடும்படி ஆயிற்று. சந்தாவை நீக்கும் இணைப்பைப் பொறுத்தவரை, நீங்கள் எப்போதோ பொருள் வாங்கிய கடை என்றால் அழுத்தலாம். முன்பின் தெரியாதவர் என்றால் அது ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று நீங்களே தகவல் கொடுப்பதாகும்.

‘ரிப்போர்ட் ஸ்பேம்’ பொத்தானைச் சும்மா வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் மேற்சொன்ன மூன்று சோதனைகளையும் வைத்திருக்க வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் பொத்தானை அழுத்தினாலே அனுப்புகிறவருக்குச் சிக்கல். தொல்லை கொடுக்கும் உள்ளூர் விளம்பரக்காரரை அடக்க, ஹெட்டர் ஆராய்ச்சியைவிட இது நல்ல ஆயுதம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், இந்தியாவில் விளம்பர மெயில் அனுப்புவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து ஏமாற்றும் மெயிலைக் குற்றமாக்கிய ஒரு பிரிவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்தது. அது 66ஏ-வின் ஓர் உட்பிரிவு. பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 66ஏ-வை முழுவதுமாக ரத்துசெய்தபோது அதுவும் சேர்ந்து போனது. 66ஏ போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த உட்பிரிவுக்கு மாற்றாக உருப்படியாக ஒன்று வரவில்லை என்பதுதான் குறை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி இருக்கிறது, மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கைபேசி விளம்பரத் தொல்லைக்கான 1909 எண் மெயிலுக்குப் பொருந்தாது. வங்கியின் பெயரில் வந்த போலி மெயிலை அந்த வங்கிக்கும், வருமான வரித் துறை பெயரில் வந்ததை அந்தத் துறைக்கும், இரண்டையும் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் ஹெட்டரோடு அனுப்பலாம். இலங்கையில் இருப்பவர்கள் இலங்கை செர்ட்டிடம் சொல்லலாம்.

பணம் போயிருந்தால் இதெல்லாம் பிறகு. முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். அந்த ஐபி எண் யாருடையது என்று இணைய நிறுவனம் உங்களிடம் சொல்லாது, போலீஸ் கேட்டால் சொல்லும். இந்திய நிறுவனங்கள் அத்தகைய பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவு. அதற்குள் புகார் போய்விடுவது நல்லது. ஜிமெயிலோ ஸ்பேம் பெட்டியில் கிடப்பதை 30 நாளில் தானாகவே அழித்துவிடும். ஆகையால் புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால், அந்த மெயிலை முதலில் உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷோ ஒரிஜினல் பக்கத்திலேயே ‘டவுன்லோட் ஒரிஜினல்’ என்று இருக்கும்.